மெக்ரேயின் கணப்பு

பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் துப்பறியும் அதிகாரி மெக்ரேயின் அறையில் ஒரு வார்ப்பிரும்புக் கணப்பு இருக்கிறது. கட்டடம் முழுக்கக் குழாய் வழியாகச் சூடேற்றும் வசதி வந்த பிறகும் மனிதர் அதை எடுக்க விடவில்லை. விசாரணை சிக்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் கரியைக் கிளறிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். விசாரணை இரவு வரை நீண்டால் பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச்சும் பீரும் மேலே வரும். ஜார்ஜ் சிமெனான் எழுதிய 75 மெக்ரே நாவல்களில் நான் படித்தவற்றை எண்ணிப் பார்த்தால், கொலையாளி யாரென்று நினைவிருப்பது ஐந்தாறில்தான். கணப்பு மட்டும் மறக்கவேயில்லை.

துப்பறியும் தொடர்களின் சங்கதியே இதுதான் என்று தோன்றுகிறது. கொலை அந்தந்தப் புத்தகத்தோடு முடிந்துவிடும். துப்பறிகிறவரின் வாழ்க்கை முடியாது. பத்தாவது நாவலைக் கையிலெடுக்கிறவர் ஊரிலிருந்து வந்த உறவினரை விசாரிப்பதுபோல, ‘ஆள் எப்படி இருக்கிறார்?’ என்றுதான் முதலில் பார்க்கிறார். அதனால் இந்தத் தொடர்களை வகை பிரிக்க எனக்கு ஒரே கேள்விதான் உதவுகிறது: எழுத்தாளர் தன் ஆளுக்கு வயதாக விடுகிறாரா?

சிமெனான் விடவில்லை. 1931-ல் மெக்ரேக்கு ஏறத்தாழ 45 வயது. 1934-லேயே ஓய்வு கொடுத்துக் கிராமத்துக்கு அனுப்பினார். பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார். 1972-ல் வந்த கடைசி நாவலிலும் மெக்ரே ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்னால்தான் நிற்கிறார். அந்த நாவலின் முதல் காட்சியில், மார்ச் மாத வெயிலில், மேஜைமேல் தன் புகைக்குழாய்களை வரிசைப்படுத்தி விளையாடிக்கொண்டிருக்கிறார். குழந்தை மரக்கட்டைகளை அடுக்குவதுபோல. துறையின் தலைமைப் பதவி தேடி வருகிறது, வேண்டாம் என்கிறார். நாற்பது வருடப் பழக்கத்தில் அந்த மறுப்பு நமக்கு ஆச்சரியமே தருவதில்லை. அதில்தான் சுகம்.

வயது இப்படி நின்றுபோனது திட்டமிட்டு வந்ததல்ல. சிமெனான் கதைச் சுருக்கம் எழுதிவைத்துக்கொள்கிறவர் அல்ல. ஒரு மஞ்சள் உறையின்மேல் பாத்திரங்களின் பெயர், வயது, விலாசம், குடும்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று உட்கார்ந்துவிடுவார். பத்துப் பன்னிரண்டு நாளில் நாவல் முடியும். ஆட்களைத் தெரிந்துகொண்டால் கொலை தானாக வரும் என்ற நம்பிக்கை. 1951-ல் மெக்ரேயே நினைவுக்குறிப்பு எழுதுவதாக ஒரு புத்தகம் போட்டார். அதில் சிமெனான் என்ற இளம் எழுத்தாளன் தன் தொப்பியையும் வயதையும் தப்பும் தவறுமாக எழுதிவிட்டதாக மெக்ரே அலுத்துக்கொள்கிறார். தன்னையே இப்படிக் கிண்டல் செய்துகொள்ள ஒரு தைரியம் வேண்டும்.

நம் கணேஷ்-வசந்தும் வயதாகாத கட்சிதான். 1968-ல் ‘நைலான் கயிறு’ வந்த காலம் தொட்டு சுஜாதாவின் நடையும் தொழில்நுட்பமும் மாறிக்கொண்டே வந்தன. பின்னால் வந்து சேர்ந்த வசந்தின் குறும்பு மட்டும் மாறவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை அப்படித்தான் இருக்க முடியும். எந்த வாரம் எட்டிப் பார்த்தாலும் வாசகருக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே. வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் வேறு வழியில் போனார். 1932-ல் தனி ஆளாக வந்த பியோம்கேஷ் பக்‌ஷி, ஒரு வழக்கில் சந்தித்த சத்யவதியைக் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, குடும்பஸ்தனாகிவிடுகிறார்.

வயதை முழுதாக ஏற்றுக்கொண்டவர் இயன் ரான்கின். 1987-ல் அறிமுகமான எடின்பரோ போலீஸ்காரர் ஜான் ரீபஸுக்கு வருடத்துக்கு வருடம் வயதாகிறது. 2007-ல் 60 நிரம்பி ஓய்வு. 2012-ல் பழைய வழக்குகளைத் தோண்டும் பிரிவில் மறுபடி வருகிறார். பிறகு நுரையீரல் கெடுகிறது. தொடரின் பெரும்பகுதியில் ஆர்டன் தெருவில் மாடிக் குடியிருப்பில் இருந்த மனிதர், மூச்சு வாங்குவதால் 2020-ல் வந்த நாவலில் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குச் சாமான்களை இறக்குகிறார். அந்தப் புத்தகத்துக் கொலையைவிட அந்தப் படிக்கட்டுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

வயதாக விட்டால் ஒரு முடிவும் வேண்டும். இதில் இத்தாலியின் கமில்லேரி கெட்டிக்காரர். தன் போலீஸ் அதிகாரி மொன்டல்பானோவின் கடைசி நாவலை 2005-லேயே எழுதிப் பதிப்பகத்தில் ஒப்படைத்துவிட்டார். அவர் இறந்த மறு வருடம், 2020-ல்தான் அது வெளியானது.

ஆனால் இந்த வகையின் உச்சம் என்று நான் சொல்வது ஸ்வீடனின் மார்ட்டின் பெக் வரிசையை. மை ஷேவால், பெர் வாலூ என்ற இணையர், குழந்தைகள் தூங்கிய பிறகு ஆளுக்கோர் அத்தியாயமாக எழுதியது. 1965 முதல் 1975 வரை சரியாகப் பத்து நாவல்கள். பத்தையும் சேர்த்து ஒரே நாவல் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பெக்குக்கு வயிறு சரியில்லை, எப்போதும் சளி, வீட்டில் பேச்சு குறைந்த மனைவி, பொழுதுபோக்குக்குப் பொம்மைக் கப்பல். முதல் நாவலான ‘ரோஸன்னா’வில் கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்காகிறது. அந்த மாதங்களின் சலிப்பையும் நாவல் விடாமல் எழுதுகிறது.

நான்காவது நாவலான ‘சிரிக்கும் போலீஸ்காரன்’ 1968-ல் வந்தது. ஸ்டாக்ஹோம் பஸ் ஒன்றில் இருந்தவர்களை ஒருவன் சுட்டுத் தள்ளுகிறான். செத்தவர்களில் ஓக்கே ஸ்டென்ஸ்ட்ரோம் என்ற இளம் துப்பறிவாளனும் ஒருவன். பெக்கின் குழுவைச் சேர்ந்தவன். கிறிஸ்துமஸுக்கு மகள் பெக்குக்கு ஒரு இசைத்தட்டு வாங்கித் தருகிறாள். அதுதான் சிரிக்கும் போலீஸ்காரன் பாட்டு. வீடே சிரிக்கிறது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டென்ஸ்ட்ரோமோடு வாழ்ந்த ஓசா டொரெலை எழுத்தாளர்கள் கைவிட்டுவிடவில்லை. அவள் பின்னால் வரும் நாவல்களில் போலீஸ் உடையில் வருகிறாள்.

நான் இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்தவன். பழைய புத்தகக் கடையில் முதலில் கிடைத்தது நான்காவதுதான். ஸ்டென்ஸ்ட்ரோம் எனக்கு முதலில் பஸ்ஸில் கிடந்த பிணம். இரண்டு வருடம் கழித்து ‘ரோஸன்னா’ கிடைத்தது. அதில் அவன் உயிரோடு வருகிறான், குழுவிலேயே சின்னவன். ஆளைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரன் என்று அந்த வேலையைக் கொடுக்கிறார்கள். அந்தத் திறமைதான் அவனை அந்த பஸ்ஸில் ஏற்றியது என்று எனக்குத் தெரியும். பெக்குக்குத் தெரியாது. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்.