சும்மா திரும்பி வந்தவரா அவர்?

செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் டிவியில் கபடி பார்க்கிறவர்களுக்கு ஒரு ரைடர் மேல் ஆறாத கோபம். பெயர் வேண்டாம். நைட்டி தைக்கும் கூடங்களில் மறுநாள் காலைப் பேச்சு முழுக்க அவர்தான். “ரெண்டு தடவை பாடிப் போனான், ரெண்டு தடவையும் சும்மா வந்துட்டான். இவனுக்கு எதுக்கு ஏழுல ஒரு இடம்?” கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் தப்பு. இன்று களத்தில் இறங்கும் ரைடர்களில் எதிரணியை இவர் அளவுக்குப் படிக்கிறவர் இல்லை என்று அடித்தே சொல்லலாம்.

அவர் போகும் முதல் ரைடைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் பாக் லைனைத் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். அதைத் தாண்டிவிட்டு அவர் தன் இடதுபக்கம் நகர்கிறார். எதிரே வலது கார்னர். கால் நுனியை மட்டும் நீட்டி, உடனே இழுத்துக்கொள்கிறார். கார்னர் அரை அடி முன்னே வருகிறார். அவர் கையைப் பிடித்திருக்கும் பக்கத்து ஆளும் சேர்ந்து நகர்கிறாரா, கை நழுவுகிறதா, கவர் எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு நீட்டலில் தெரிந்துவிடும். 25 விநாடி கழித்துத் திரும்பி நடக்கிறார். திரையில் ‘எம்ப்டி ரைடு’ என்று எழுத்து ஓடுகிறது. இரண்டாவது ரைடிலும் அதே பக்கம், அதே கால், அதே எழுத்து.

மூன்றாவது ரைடு டூ ஆர் டை. புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. அதற்கு இவர் போவதில்லை, வேறொருவர் போகிறார். இரண்டு முறை கால் நுனியைப் பார்த்து ஏமாந்த வலது கார்னர், இந்த முறை விடக்கூடாது என்று சீக்கிரமே பாய்கிறார். தொட்ட புள்ளி அந்த மூன்றாவது ஆளின் கணக்கில் ஏறுகிறது. கைதட்டலும் அவருக்கே.

எதிரணியின் முன்னணி ரைடர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டால், சும்மா திரும்பி வரும் முடிவின் அருமை இன்னும் விளங்கும். அவர் உள்ளே வர வேண்டுமென்றால் அவருடைய அணி ஒரு புள்ளி எடுக்க வேண்டும். நம் ஆள் அவசரப்பட்டுப் பிடிபட்டால், அவரே வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. பிடிபடாமல் வந்தால் அந்தப் பெரிய ரைடர் பெஞ்சிலேயே இருப்பார். 40 நிமிட ஆட்டத்தில் அவரை ஐந்து நிமிடம் உட்கார வைப்பது எத்தனை புள்ளிக்குச் சமம் என்று எந்தப் பட்டியலும் கணக்குப் போடுவதில்லை. எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போதும் அப்படித்தான். அங்கே மாட்டினால் சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு இரண்டு புள்ளி. அந்த நேரத்தில் ஒருவர் பின்வாங்கினால் அவரைக் கோழை என்பது அநியாயம்.

பார்ப்பவர்கள் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக் இந்த ஆட்டத்துக்கு டிவியில் ஒரு வாழ்வு கொடுத்தது. 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்த பிறகு வர்ணனையும் நம் காதுக்குப் பழகிய பேச்சில் கிடைத்தது. ஆனால் ஒரு ரைடு முடிந்த ஐந்து விநாடிக்குள் அடுத்த ரைடர் கிளம்பிவிட வேண்டும். இந்த இடைவெளியில் முந்தைய டேக்கிளின் ரீப்ளே போடுகிறார்கள். ரீப்ளே முடிந்து நேரலைக்கு வரும்போது அடுத்த ரைடு பாதி ஓடியிருக்கும். இவர் கால் நீட்டிய தருணம் அதற்குள் போய்விடும். வீட்டில் இருப்பவர் பார்ப்பதெல்லாம் முதுகைக் காட்டித் திரும்பி வரும் ஒரு ஆள். ஊர்த் திருவிழாவில் மண் தரைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பதினான்கு பேரும் அவர் கண் முன்னால்தான் இருப்பார்கள்.

கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கும் இதே வழக்கு உண்டு. எதிரணியின் தற்காப்பு இறுகி நிற்கும்போது வட்டை வேண்டுமென்றே உள்ளே ஆழமாக அடித்துவிட்டு விரட்டிப் போவார்கள். புதிதாகப் பார்ப்பவருக்குக் கையிலிருந்ததைத் தூக்கிக் கொடுத்ததாகவே தோன்றும். ஆனால் 1952 முதல் சனிக்கிழமை இரவுகளில் ‘ஹாக்கி நைட் இன் கனடா’ பார்த்து வளர்ந்த வீடுகளில் அதன் காரணம் தெரியும். வட்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை கேமரா பெரும்பாலும் உயரத்திலேயே நிற்பதால், யார் எங்கே என்பது கண்ணில் படுகிறது. 2008-ல் பஞ்சாபி வர்ணனையும் சேர்ந்து, கபடி தெரிந்த வீடுகளுக்குள்ளும் ஹாக்கி போய்ச் சேர்ந்தது. 2026-27 சீசனிலிருந்து 12 ஆண்டுகளுக்கான ஒளிபரப்பு உரிமைக்கு ரோஜர்ஸ் நிறுவனம் 1,100 கோடி கனடா டாலர் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. ரசிகர் ஆட்டத்தைப் புரிந்து பார்க்கும் இடத்தில்தான் இவ்வளவு பணம் துணிந்து இறங்கும்.

இங்கே காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2025-ல் புரோ கபடியின் லீக் ஆட்டங்கள் சமனானால் ஐந்து ரைடு டை-பிரேக்கர் என்று வைத்தார்கள். அதில் பாக் லைனே போனஸ் கோடு. அவுட்டானவர் வெளியே போவதும் இல்லை. பெஞ்சில் உட்கார வைக்கும் வித்தைக்கு அங்கே வேலையே இல்லை. இந்தப் போக்கு நிற்காது. இரண்டு, மூன்று சீசனுக்குள் டூ ஆர் டை இரண்டாவது ரைடுக்கே இறங்கி வரலாம். வந்தால் ஒரே ஒரு எம்ப்டி ரைடில் கார்னரைப் படித்து முடிக்கிறவருக்குத்தான் மவுசு. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து ஏலம் எடுக்கும் அணிகள் நம் ஆளை அடுத்த முறை கைவிடும். அடிப்படை விலைக்கு அவரை எடுக்கப்போவது, ரீப்ளே இல்லாத முழு வீடியோவை உட்கார்ந்து பார்க்கும் ஏதாவது ஒரு கோச். அந்த அணி பிளே-ஆஃபுக்குப் போகும். அப்போதும் ஆட்ட நாயகன் விருது மூன்றாவது ரைடு போகிறவருக்கே கிடைக்கும்.