ஹாமிது கையிலிருந்த இடுக்கி

பெருநாள் நெருங்கும் வேளையில் நம் சிறார்க்குச் சொல்வதற்கேற்ற கதைகளுள் முதலிடம் பெறத்தக்கது பிரேம்சந்தின் ‘ஈத்கா’. 1933-ஆம் ஆண்டு வெளிவந்த இச்சிறுகதையின் பொருள் மிக எளியது. தாய் தந்தையரை இழந்த ஹாமிது என்னும் நான்கைந்து வயதுச் சிறுவன், பாட்டி அமீனாவின் அரவணைப்பில் வளர்கிறான். பெருநாள் தொழுகைக்குப் பின் நடக்கும் சந்தையில், தோழர்கள் மண் பொம்மைகளும் தின்பண்டங்களும் வாங்குகிறார்கள். ஹாமிதின் கையில் இருப்பதோ மூன்று காசு. ரொட்டி சுடுகையில் பாட்டியின் விரல்கள் சுட்டுப்போவதை எண்ணி, அக்காசுக்கு அவன் ஓர் இரும்பு இடுக்கியை வாங்கி வருகிறான். பாட்டி முதலில் கடிந்துகொள்கிறாள். பின்னர் கண்ணீர் சொரிந்து அவனுக்காக இறைஞ்சுகிறாள்.

இக்கதையைத் தியாகத்தின் இலக்கணமாகவே நாம் போதித்து வருகிறோம். அது பிழையன்று. ஆயினும் அது பாதிப் பொருளே என்பதை எனக்கு உணர்த்தியவள் ஆறு வயதுடைய என் பேத்தி.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் முறைமாற்றிப் பணிபுரியும் என் மகன், சூளகிரியில் வாடகைக்குக் குடியிருக்கிறான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கலந்தொலிக்கும் ஊர் அது. வேலையை நாடி வந்த குடும்பங்கள் அங்கு வீடு மாறுவது புதுமையன்று. சென்ற ஆண்டு அவன் வீடு மாற்றியபோது உதவச் சென்றிருந்தேன். வண்டியில் இடம் போதவில்லை. துருவேறிய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து பார்த்தேன். உடைந்த வளையல் துண்டுகள், தேய்த்து மெருகேற்றிய புளியங்கொட்டைகள், பொம்மைக் காரின் ஒற்றைச் சக்கரம், அவளுடைய வாப்பா கொண்டுவந்து தந்த ஒரு மரையாணி! ‘குப்பை’ என்று வீசிவிட்டேன்.

குழந்தை இரண்டு நாள் அழுதாள். அவளைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு ஹாமிதின் கதையைச் சொன்னேன். “பார்த்தாயா, அவன் பொம்மையே கேட்கவில்லை” என்று நீதியும் புகட்டினேன். அவள் கேட்டாள்: “தாதா, அந்த இடுக்கியை வெச்சு அவன் வெளையாடணும்னு கேட்டா, பாட்டி குடுப்பாங்களா?”

விடை தெரியாமல் கதையை மீண்டும் எடுத்துப் படித்தேன். அப்போதுதான் நான் விட்டுவிட்டுப் படித்த பக்கங்கள் கண்ணில் பட்டன.

ஹாமிது ஆசையற்ற சிறுவன் அல்லன். மண் பொம்மைகள் உடைந்துவிடும் என்று வாயால் பழித்துக்கொண்டே, ஒருமுறையேனும் அவற்றைத் தொட்டுப் பார்க்க ஏங்குகிறான். தோழர்கள் தொட விடுவதில்லை. மிட்டாயை நீட்டுவதுபோல் நீட்டி, தானே வாயில் போட்டுக்கொள்கிறான் ஒருவன். இத்துன்பத்தைப் பிரேம்சந்த் மறைக்கவில்லை; மறைத்தவர்கள் கதை சொல்லும் நாமே.

இடுக்கியை வாங்கிய பின் நிகழ்வது இன்னும் சிறப்புடையது. ஹாமிது அதைத் துப்பாக்கியைப் போல் தோளில் சாய்த்துக்கொள்கிறான். பக்கீரின் கையில் கொடுத்தால் அது பக்கீரின் இடுக்கி. தட்டினால் தாளம் என்று வாதிடுகிறான். சிப்பாய் பொம்மையும் வக்கீல் பொம்மையும் அந்த இரும்பின் முன் தோற்றுப்போகின்றன. தொட விடாத தோழர்களே இப்போது தம் பொம்மைகளை அவனிடம் கொடுத்து, இடுக்கியைக் கைமாற்றிப் பார்க்கிறார்கள். அடுப்படிக் கருவியொன்று, வழி நெடுகிலும், அச்சந்தையின் தலைசிறந்த விளையாட்டுப் பொருளாக விளங்குகிறது. கடைக்காரன் வைத்த விலை அதற்கு இப்பெருமையைத் தரவில்லை; சிறுவனின் கற்பனை தந்தது. என் பேத்தியின் மரையாணிக்கும் அத்தகைய பெருமை இருந்திருக்க வேண்டும்.

கதையின் முடிவையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சிறுவன் முதியவனாகவும் முதியவள் சிறுமியாகவும் மாறிவிட்டதை ஆசிரியர் விந்தையென்றே சுட்டுகிறார். எல்லாக் குழந்தைகளும் இவ்வாறு ஆகுக என்று வாழ்த்தவில்லை. வறுமை ஒரு குழந்தையை முதியவனாக்கிய துயரமும் அந்த விந்தைக்குள் அடங்கியிருக்கிறது. அதை நற்குணப் பாடமாக மட்டும் சுருக்குவது கதைக்கும் குழந்தைக்கும் இழைக்கும் அநீதியாகும்.

இதற்கு நேர்மாறான காட்சியொன்று வடமொழியில் உண்டு. சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ என்னும் நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசனார் ‘மண்ணியற் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். அதில் சாருதத்தனின் மகன், அண்டை வீட்டுச் சிறுவனின் பொன் தேரைக் கண்டபின், தன் மண் தேரை வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அவனுக்குத் தருகிறாள். அந்த நகைகளே பின்னர் வழக்கு மன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி, அவனைக் கொலைக்களம் வரை கொண்டுசெல்கின்றன. ‘ஈத்கா’வில் பெரியவரின் தேவைக்காகக் குழந்தை விட்டுக்கொடுக்கிறது, இங்கோ குழந்தையின் அழுகைக்காகப் பெரியவர் பொன்னைக் கொட்டுகிறார். இன்று நாம் செய்வதும் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றே: விட்டுக்கொடு என்று உபதேசிக்கிறோம், அல்லது விலை கொடுத்து வாயை அடைக்கிறோம்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறு குருவியொன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துவிட, சிறுவர் வாடியிருந்தார். அங்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பெரியவர்களை அழைப்பதுபோல் ‘அபூ உமைர்’ என்றே அழைத்து, குருவிக்கு என்ன ஆயிற்று என்று வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள நபிமொழி இது. பொறுமையைப் பற்றிய பேருரை அங்கு இல்லை. ஈடாக வேறொரு பறவையும் இல்லை. குழந்தையின் இழப்பைப் பெயர் சொல்லிக் கேட்ட பரிவு மட்டுமே உண்டு. ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ், இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபதளவு படிப்பினைகளைத் திரட்டித் தனி ஏடே எழுதினார். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே சிறகு முளைத்த குதிரையைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதையும், கிடைத்த மறுமொழி கேட்டுச் சிரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளது.

அபூ உமைரின் வரலாற்றைச் சிறுவயது முதல் கேட்டு வந்தவன் நான். ஆயினும் பேத்தி அழுதபோது, உன் டப்பாவில் என்னென்ன இருந்தன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஹாமிதைக் காட்டி அவளை நாணச் செய்தேன். ஒரு நல்ல கதையைக் கண்டிப்புக்குக் கருவியாக்கிய பிழை என்னுடையது, பிரேம்சந்தினுடையதன்று.

அவளது வினாவுக்குக் கதையில் விடை இல்லை. அடுப்படிக்குச் சென்ற இடுக்கி மீண்டும் ஹாமிதின் தோளுக்கு வந்ததா என்று ஆசிரியர் சொல்லவில்லை. “கண்டிப்பாகக் குடுத்திருப்பாங்க, கண்ணு” என்றேன் நான். பிறகு, டப்பாவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். மரையாணியைப் பற்றி மட்டும் நெடுநேரம் சொன்னாள்: அது இரவு வேலைக்குப் போகும் வாப்பாவுக்குக் காவலாம்.

‘ஈத்கா’வை நம் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சொல்வோம். ஆனால் இடுக்கி துப்பாக்கியான பகுதியை விட்டுவிடாமல் சொல்வோம். வீடு மாற்றும் நாளில், வண்டியில் ஒரு பழைய டப்பாவுக்கும் இடம் ஒதுக்குவோம்.