எட்டு ஓமுக்கு எட்டு ஓம்தானா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வீட்டிலும் இன்று ஐந்து ஒலிபெருக்கிகள் முழங்கலாம். கூடவே, 'ரிசீவரின் மின் எதிர்ப்பும் ஒலிபெருக்கியின் மின் எதிர்ப்பும் சமமாக இருந்தாக வேண்டும்' என்ற உபதேசமும் வந்துவிடுகிறது. குற்றம் கடைக்காரருடையதன்று, பெருமத் திறன் மாற்றத் தேற்றத்தை அரைகுறையாகப் புகட்டும் கல்லூரி வகுப்புகளுடையது. மூலத்தின் அகத்தடை மாறாதபோதுதான் அத்தேற்றம் சமத்தடை கேட்கிறது. அப்போதும் பாதித் திறன் மூலத்திலேயே வெப்பமாகும்!

ரிசீவரிலுள்ள டிரான்சிஸ்டர் பெருக்கியின் அகத்தடையோ ஓமில் சிறு பின்னமே. பின்புறம் அச்சிட்ட '8 ஓம்' என்பது கீழ் எல்லை. 20 வோல்ட்டில் 8 ஓம் ஒலிபெருக்கி 2.5 ஆம்பியர் இழுக்கும். அதே முனைகளில் இன்னொன்றைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம், 5 ஆம்பியர், டிரான்சிஸ்டர் கொதிக்கும். 16 ஓம் இணைத்தால் ஒலி சற்றுக் குறையும், அவ்வளவே. பழைய வால்வுப் பெருக்கிக்குத்தான் மின்மாற்றியில் 4, 8, 16 எனக் குறித்த முனையைப் பார்த்து இணைக்க வேண்டும்.