எழுதிய கையும் எழுத மறுத்த கையும்

நாட்குறிப்பும் இலக்கியமாகக் கூடும் என்பதைத் தமிழுலகம் ஆனந்தரங்கப் பிள்ளையைக் கொண்டு அறிந்தது. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்தவை நாளும் நாழிகையும் பிசகாதவை. அதே நூற்றாண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜான் உல்மன் (1720-1772) என்னும் தையற்காரர் தம் வாழ்க்கையை எழுதலானார். அவர் குவேக்கர். ஜார்ஜ் பாக்ஸ் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோற்றுவித்த அந்த நண்பர் சங்கத்தார் ஆணையிட்டுச் சொல்லார், படைக்கலம் ஏந்தார். வாய்பேசாது கூடியிருந்து உள்ளொளியின் ஏவலுக்குக் காத்திருத்தலே அவர்தம் வழிபாடு. அகத்தை நோக்கிய இச்சமயம் வாழ்க்கைக் குறிப்புகளை மிகுதியாக ஈன்றதில் வியப்பில்லை. பாக்சின் நூல் 1694இலும், உல்மனின் நூல் அவர் மறைந்தபின் 1774இலும் அச்சேறின.

உல்மனின் நூலுக்கு உயிர்நாடி ஒரு சிறு நிகழ்ச்சி. இளமையில் அவர் கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். முதலாளி தம் நீக்ரோ அடிமைப்பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுதுமாறு பணித்தார், வாங்குபவர் காத்திருந்தார். உல்மன் எழுதிக் கொடுத்தார். அடிமை வைத்திருத்தல் கிறித்துவ நெறிக்கு ஒவ்வாதது என்று அவ்விருவர் முன்னிலையிலேயே சொல்லவும் செய்தார். ஆயினும் எழுதிய எழுத்து எழுதியதுதான். அடுத்தமுறை வேறொருவர் கேட்டபோது எழுத மறுத்தார். பின்னாளில் கரும்புத் தோட்டத்து அடிமைகளை எண்ணிச் சர்க்கரையைத் தவிர்த்தார்; விருந்தினராகத் தங்கிய வீடுகளில் தமக்கு ஏவல் செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். 1758இல் பிலடெல்பியாக் குவேக்கர் பேரவை அடிமை வாணிகத்துக்கு எதிராக நின்றதில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

ஆனந்தரங்கப் பிள்ளையும் அடிமை வாணிகத்தை எழுதாமல் விடவில்லை. 1743இல் ஆட்களை ஏமாற்றிக் கடத்தி விற்ற கொடுமை வெளிப்பட்டதை அவர் குறிப்புகளில் காணலாம். ஊரைக் காட்டுவதில் உல்மன் அவருக்கு ஈடாகார். ஆனால், தன்னையே கூண்டிலேற்றி வினவும் குரல் பிள்ளையிடம் எழுவதில்லை. துபாஷின் கண் வெளியே பார்க்கும் கண்.

உல்மனுக்கும் ஒரு குறை உண்டு. அதனை அவரைப் போற்றுவோர் அதிகம் பேசுவதில்லை. விற்கப்பட்ட அப்பெண்ணுக்கு நூலில் பெயரில்லை. அவள் எங்கே போனாள், என்ன சொன்னாள் என்பதும் இல்லை. எழுதியவரின் மனவேதனை பக்கங்களில் வாழ்கிறது. அவளோ அச்சீட்டோடு மறைந்துவிடுகிறாள். மனச்சான்றின் இலக்கியம் பிறர் துயரைத் தன் தூய்மைக்குரிய சோதனையாக மட்டும் கொண்டுவிடும் இடர் இங்கேதான் இருக்கிறது.

மாக் மண்டின் மாணவர்க்கு இந்நூல் அயலார் கதையன்று. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தபின்பும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அடிமைகள் அல்லர், கையொப்பமிட்டவர்கள் என்பதே அக்காலத்தார் சொன்ன சமாதானம். மலாயாவில் அம்முறை 1910இல் முடிவுற்றது. அதுவரை அச்சீட்டுகளில் பெயரும் ஊரும் கூலியும் நிரப்பிக் கொடுத்த கை யாரோ ஒரு கிராணியினுடையது.