தாயும் மகளும்: க்ஷமா ராவ், லீலா ராவ்

பண்டிதை க்ஷமா ராவ் என்னும் பெயரை நம்மிடையே வடமொழி பயின்ற பெரியவர்கள் சிலர் கேட்டிருக்கக் கூடும். லீலா ராவ் என்னும் பெயரை டென்னிஸ் வரலாற்றைத் துருவிப் படிக்கும் இளைஞர்கள் சிலர் அறிந்திருக்கக் கூடும். முன்னவர் பின்னவருக்குத் தாய் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. தாயும் டென்னிஸ் பந்தயங்களில் வென்றவர், மகளும் வடமொழியில் நாடகம் எழுதியவர் என்பதை அறிந்தோரோ அவர்களினும் சிலர். வடமொழி இலக்கிய வரலாறு எழுதுவோர் தாயைக் காந்தியக் கவிஞர் என்று ஒரு பத்தியில் குறித்துவிட்டு மேலே செல்கின்றனர். விளையாட்டு வரலாறு எழுதுவோர் மகளுக்கு ஒரு வரி ஒதுக்குகின்றனர்.

நாள் முழுதும் கோப்புகளோடு உறவாடும் எம்போன்றோர்க்கு இது நன்கு பழகிய விபத்துதான். ஒரே விவகாரத்துக்கு இரு பிரிவுகளில் இரு கோப்புகள் திறக்கப்படும். ஒன்றில் மற்றொன்றின் எண் குறிக்கப்பட்டிராது. இரண்டும் தனித்தனியே தூசி படியும். இந்த இருவரைப் பொறுத்தவரை நிகழ்ந்திருப்பது அதுவே என்பது எமது எண்ணம். ஆகவே அவர்தம் எழுத்தை மதிப்பிடும் முன்பு, அந்த இரு கோப்புகளையும் ஒரே நாடாவில் கட்டி வைப்போம்.

க்ஷமா 1890ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை சங்கர் பாண்டுரங்க பண்டிதர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பதிப்பாசிரியர்களுள் ஒருவர். காளிதாசனின் நூல்களையும், சாயண பாஷியத்துடன் அதர்வ வேதத்தையும் செம்மையாகப் பதிப்பித்தவர். போர்பந்தர் சமஸ்தானத்தை நிர்வகித்து வந்த காலத்தில் விவேகானந்தரை வரவேற்று உபசரித்தவர். ஆனால் மகள் சிறு குழந்தையாக இருக்கையிலேயே, 1894இல் அவர் காலமானார். எனவே தந்தையிடம் நேரே அமர்ந்து பாடம் கேட்கும் பேறு க்ஷமாவுக்கு வாய்க்கவில்லை. வளர்ந்தபின், தாம் சரியாகப் பார்த்தறியாத அந்தத் தந்தையின் வாழ்வைச் 'சங்கரஜீவனாக்யானம்' என்னும் வடமொழிக் காவியமாக்கி 1939இல் வெளியிட்டார். மகள் தந்தைக்கு ஆற்றிய உதவி என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். குடும்பச் சொத்தில் பங்கு கேட்டது போலவும் எமக்குத் தோன்றுகிறது. அச்சொத்து, மொழி.

பம்பாயில் மருத்துவராக விளங்கிய ராகவேந்திர ராவை மணந்த பின், கணவருடன் ஐரோப்பாவுக்கும் சென்று வந்தார். பம்பாயின் டென்னிஸ் களங்களில் ஆடி வெற்றியும் பெற்றார். பெண்கள் மட்டையைத் தொடுவதே புதுமையாக இருந்த நாளில், மணமாகி ஒரு மகளுக்குத் தாயுமான ஒருவர் பந்தயத்தில் இறங்கினார் என்பதைச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலச் செல்வக் குடும்பத்தின் வசதி அவருக்கு இருந்தது உண்மையே. எனினும் வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் களத்தில் இறங்கிவிடவில்லை.

இனி அவருடைய எழுத்தைப் பார்ப்போம். அவரை நினைவுகூர்வோர் முதலில் எடுத்துச் சொல்வது 'சத்யாக்கிரக கீதை'. 1932ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அச்சானது. காந்தியடிகளின் போராட்டத்தைப் பாடும் நூலை அன்றைய இந்தியாவில் அச்சிடுவதில் இருந்த இடர்ப்பாட்டை நாம் ஊகித்துக் கொள்ளலாம். பகவத் கீதையைப் போலவே பதினெட்டு அத்தியாயங்கள். அதே அனுஷ்டுப் யாப்பு. போர்க்களத்தில் வில்லைத் தழுவவிட்டவனை மீண்டும் எடுக்கச் சொன்ன நூலின் வடிவத்தை, வில்லையே எடுக்காத ஒரு போருக்குப் பொருத்தியதில் ஒரு துணிவு இருக்கிறது. பின்னர் 'உத்தர சத்யாக்கிரக கீதை' 1948இல் வந்தது. மூன்றாம் பகுதியான 'ஸ்வராஜ்ய விஜயம்' அம்மையார் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1962இல் அச்சேறியது.

இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ எமக்கு மனமில்லை. முதற்பகுதி நிகழ்ச்சிகளின் வெப்பம் ஆறுமுன் எழுந்தது. அதற்கேற்ற வேகம் அதில் உண்டு. அடுத்தடுத்த பகுதிகளில் நூல் விரிந்துகொண்டே போகிறது; கவிதை இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டும் நிகழ்ச்சியும் வந்து அமர்ந்துகொள்கின்றன. வரலாற்றுக்கு அது பயன்படலாம். காவியத்துக்குப் பாரமே. காந்தியடிகளைப் பாடியமையால் இந்நூல் போற்றப்படுகிறதே தவிர, பாடிய முறைக்காக அது படிக்கப்படுவது அரிது. தலைப்பால் புகழ் பெறும் நூல்களுக்கு இதுவே கதி.

அம்மையாரின் உண்மையான திறன் வேறிடத்தில் இருக்கிறது என்பதே எமது முடிபு. 1933இல் அவர் வெளியிட்ட 'கதாபஞ்சகம்' ஐந்து கதைகளின் தொகுதி, செய்யுளில் அமைந்தது. குழந்தை மணம், இளம் கைம்பெண்ணின் துயர் முதலிய தம் காலத்துச் சிக்கல்களை அவர் எடுத்துக் கொண்டது கதைகளில்தான். சமூகச் சீர்திருத்தம் பற்றி வங்காளியிலும் மராத்தியிலும் தமிழிலும் அக்காலத்தில் எழுதியோர் பலர். வடமொழியில் எழுதும்போது அதற்குத் தனியானதொரு கூர்மை ஏற்பட்டுவிடுகிறது. ஏனென்றால், கைம்பெண்ணுக்கு விதிகளை வகுத்த நூல்களெல்லாம் அந்த மொழியில்தான் இருக்கின்றன. அதே மொழியில், அதே யாப்பில், ஒரு பெண் அவளுடைய கண்ணீரை எழுதுகிறார். தீர்ப்பு எழுதப்பட்ட அதே ஏட்டில் மேல்முறையீட்டையும் எழுதிச் சேர்த்தது போன்ற செயல் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே 'கதாபஞ்சகம்' மேற்சொன்ன மூன்று கீதைகளுக்கும் மேலாக வைத்துப் பேசத் தக்கது.

அவருக்கு நகைச்சுவையும் கைவந்தது. திருவனந்தபுரத்தில் 1937இல் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாடு கூடியது. அதற்குச் சென்று வந்த அனுபவத்தை 'விசித்ர பரிஷத் யாத்திரை' என்னும் பெயரில் வேடிக்கையாகப் பாடினார். வடக்கிலிருந்து தென்கோடிக்குப் பயணம் போவது என்றால் என்ன என்பதை நம் குடும்பங்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. கூஜாவும் படுக்கைச் சுருளும் புளியோதரை மூட்டையுமாக நம் பெற்றோர் நம்மை இழுத்துச் சென்ற கோடை விடுமுறைகள் மறக்கக் கூடியனவா? பண்டிதர்கள் கூடும் பெருமிதமான ஓர் அவையை ஒரு பெண் பண்டிதர் சிரித்தபடி பார்க்கும் பார்வை இந்நூலில் இருக்கிறது. வடமொழியில் எழுதுவோர் இக்காலத்தில் துதியும் தத்துவமுமே எழுதுவர் என்று எண்ணுவோர்க்கு இது நல்ல மாற்று.

துகாராம், ராமதாசர், ஞானேசுவரர் ஆகிய மராட்டிய அருளாளர்களின் வரலாறுகளையும் மீராவின் வரலாற்றையும் அவர் வடமொழியில் பாடினார். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மக்கள் மொழியில் பாடுவதையே தவமாகக் கொண்ட துகாராமை மீண்டும் பண்டிதர் மொழிக்குக் கொண்டு போவானேன்? நம் சித்தர்களை யாரேனும் வடமொழிக் காவியமாக்கினால் நாம் முகம் சுளிப்போம். க்ஷமா அம்மையாரின் நோக்கம் விளங்காமலில்லை. வடமொழி அறிஞரின் அலமாரியில் மக்களின் அருளாளர்க்கும் ஓர் இடம் வேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும். துகாராமின் பாடல் தொகுப்பைப் பதிப்பித்த பணியில் தந்தையாருக்கும் பங்கு இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆயினும் ஆறு மலையை நோக்கி ஏறுவதில்லை. இந்த வரலாறுகள் பக்தியால் எழுந்தன. தேவையால் எழுந்தன என்று சொல்ல எமக்குத் துணிவில்லை.

மொழித் தேர்வே அம்மையாரின் மறதிக்கும் வித்தாயிற்று. ஆங்கிலமும் மராத்தியும் அறிந்தவர் அவர். அவற்றுள் ஒன்றிலேயே நிலைத்திருந்தால் வாசகர் கிடைத்திருப்பர். நம் வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளியில் பயிலாதவர். தம் முதல் படைப்பைத் தோழி ஒருவர் எழுதத் தாம் சொல்லிச் சொல்லி உருவாக்கியவர். அவர் தமிழில் எழுதினார். 'ஜகன்மோகினி'யை எதிர்பார்த்து வீடுதோறும் பெண்கள் காத்திருந்தனர். க்ஷமா அம்மையாருக்குக் காத்திருந்தவர்களோ பண்டிதர்கள். அவர்கள் 'பண்டிதா' என்று பட்டம் அளித்தனர். பட்டம் அளிப்பது வேறு, படிப்பது வேறு. இருபதாம் நூற்றாண்டு வடமொழி எழுத்துக்களைத் தேடித் தொகுத்து மதிப்பிட்ட சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் வே. ராகவன் போன்றோர் இல்லையேல், இத்தகைய படைப்புகள் பற்றி நாம் கேள்விப்படும் வாய்ப்பும் அரிதாகியிருக்கும்.

இனி மகளைப் பார்ப்போம். லீலா 1911இல் பிறந்தவர். டென்னிஸில் அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். 1934ஆம் ஆண்டு விம்பிள்டனில் முதற்சுற்றில் இங்கிலாந்தின் கிளாடிஸ் சவுத்வெல்லை எதிர்த்து ஆடினார். முதல் செட்டை 4-6 என்று இழந்தார். இரண்டாவது செட் 10-8 வரை நீண்டது. சமநிலையை விரைந்து முடிக்கும் இக்கால முறை அன்று இல்லை. இரண்டு ஆட்டம் முந்தும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை வென்ற பின் மூன்றாவதை 6-2 என்று எளிதாக முடித்தார். விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அவருக்கு முன்பே ஜென்னி சாண்டிசன் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி அங்கு சென்று ஆடியிருந்தார். வெற்றி லீலாவுக்கே வாய்த்தது. அடுத்த சுற்றில் பிரான்சின் இடா அடாமோஃபிடம் தோற்றார்.

அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1998இல், கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் ஆஸ்திரேலியப் போட்டியில் முதற்சுற்றை வென்றார். தமிழர் அனைவரும் மகிழ வேண்டிய வெற்றி அது. நவீன காலத்தில் இவ்வாறு வென்ற முதல் இந்தியப் பெண் என்று அவர் போற்றப்பட்டார், அது மெய்யே. ஆனால் 'நவீன காலத்தில்' என்ற அந்தச் சிறிய அடைமொழிக்குப் பின்னால் ஒருவர் நின்று கொண்டிருக்கிறார் என்பதை எத்தனை வாசகர் கவனித்திருப்பர்? பெண்கள் வரலாற்றில் 'முதல்' என்னும் சொல் திரும்பத் திரும்பப் புதிதாக வழங்கப்படுவதன் காரணம், முந்தைய முதலை நாம் எழுதி வைக்காததுதான்.

லீலா, ஹரீசுவர் தயாள் என்னும் அரசுத் தூதரை மணந்து லீலா ராவ் தயாள் ஆனார். மணிப்புரி நடனத்தைப் பற்றியும் பரதத்தின் இலக்கணத்தைப் பற்றியும் நூல்கள் எழுதினார். இவற்றினும் நம் கட்டுரைக்கு வேண்டியது வேறொன்று. தாயின் கதைகளை எடுத்து அவற்றைச் சிறு சிறு வடமொழி நாடகங்களாக மாற்றினார். 'பாலவிதவா', 'கிரிஜாயாஃ பிரதிக்ஞா', 'ஹோலிகோத்ஸவம்', 'மித்யாக்ரஹணம்' ஆகியவை அவற்றுட் சில. தாய் யாப்பில் அடக்கிய துயரத்தை மகள் உரையாடலாக அவிழ்த்துவிட்டார். செய்யுளில் கைம்பெண்ணைப் பற்றிக் கவிஞர் பேசுகிறார்; மேடையில் அவளே வாய் திறந்தாக வேண்டும். இந்த மாற்றம் சிறியதன்று. நாடகப் பின்னலில் லீலா பெருந்திறன் காட்டினார் என்று நாம் கூற மாட்டோம். காட்சிகள் சுருக்கமானவை, திருப்பங்கள் முன்கூட்டியே புலப்படுபவை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளும் நடிக்கக் கூடிய அளவில், இக்காலப் பொருளில், வடமொழி நாடகம் வேண்டும் என்று கருதிச் செயற்பட்டவர்கள் எத்தனை பேர்? டென்னிஸ் களத்தில் பந்தை எதிர்ப்புறம் உடனுக்குடன் திருப்பியனுப்பப் பழகிய கை, உரையாடலின் இயல்பை அறிந்திருந்தது போலும்! (இது எமது கற்பனையே, திறனாய்வு என்று கொள்ள வேண்டா.)

நம் வீடுகளுக்கு வருவோம். பிழைப்பு தேடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நாம். பெண் குழந்தை பத்தாம் வகுப்பை எட்டியதும் மட்டையைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். தேர்வு முடியட்டும் என்கிறோம். தேர்வுகள் முடிவதேயில்லை. கதைப் புத்தகத்தையும் அதே பரணில்தான் வைக்கிறோம். படிப்பவள் ஆடமாட்டாள், ஆடுபவள் படிக்கமாட்டாள் என்னும் பிரிவினையை நாம் எங்கிருந்து கற்றோம் என்று தெரியவில்லை. பம்பாயில் அந்த ஒரு வீட்டில், தாய் ஆடிவிட்டு வந்து காவியம் எழுதினார். மகள் ஆடிவிட்டு வந்து அக்காவியத்தின் கதையை நாடகமாக்கினார்.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நாடகம் ஒன்று கட்டாயம் உண்டு. அது பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த நகைச்சுவை நாடகமாகவே அமைந்துவிடுகிறது. அடுத்த விழாவில் மகளிர் பிரிவினர் 'பாலவிதவா'வைத் தமிழாக்கி மேடையேற்ற முன்வருவார்களாயின், மொழிபெயர்த்துக் கொடுக்க வடமொழி அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நடிப்பதற்குப் பெண்களும் குறைவில்லை. ஒத்திகைக்குச் சனிக்கிழமை மாலைகளில் சங்கக் கூடம் காலியாகத்தான் இருக்கிறது.