முகூர்த்தம் இல்லாத மணப்பெண்

கல்யாண வீட்டில் போய் நின்று கல்யாணப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள முடியாது. ‘கெட்டிமேளம்’ என்று குரல் எழுந்ததும் சொந்தபந்தம் மேடையைச் சூழ்ந்துகொள்ளும். அட்சதை பறக்கும். வீடியோக்காரரின் விளக்கு ஒருபக்கமாக வந்து அடிக்கும். முடிச்சுப் போட நாத்தனார் குனிவார். மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் படம் கிடைத்திருக்க வேண்டும். தவறவிட்டவர் இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. அதனால்தான் திருமணப் படக்கலைக்கென்று தனியாகப் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. அங்கே பட்டுடுத்தி, மாலை போட்டு, மணப்பெண்ணாக வந்து நிற்பவர் ஒரு மாடல். பட்டறை முடிந்து டீ குடிக்கும்போது எல்லோரும் பயிற்சியாளரைப் பற்றிப் பேசுவார்கள், லென்ஸைப் பற்றி, ஃபிளாஷைப் பற்றிப் பேசுவார்கள். அன்று அந்தக் கூடத்தில் நடந்த வேலைகளிலேயே மிக நுட்பமானது அந்தப் பெண்ணின் வேலைதான் என்பது என் எண்ணம்.

நகைக்கடை விளம்பரத்துக்கு நிற்கும் மாடல் தன்னுடைய நல்ல கோணத்தைத் தந்தால் போதும். முகம் எந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும், தாடையை எவ்வளவு நீட்டினால் கழுத்து மடிப்பு மறையும் என்பதெல்லாம் அவருக்குப் பழகியவை. பட்டறை மாடலுக்கும் இவை தெரியும். தெரிந்திருந்தும், தெரியாத ஒருத்தியாக அவர் நிற்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு வந்திருக்கும் இளைஞர் நாளைக்குப் படம் எடுக்கப்போவது ஒரு நர்ஸையோ, வங்கி ஊழியரையோ, ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவரையோதான். விடியும் முன்பே எழுந்து, தலை கொள்ளாத பூவும் ஹேர்பின்னுமாக, சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். தோள் ஏறி நிற்கும். கையை எங்கே வைப்பதென்று தெரியாது. கேமராவைத் தூக்கினாலே உதடு இறுகும். அந்தத் தடுமாற்றத்தைத் தன் உடம்பில் வரவழைத்துக்கொண்டு, மாணவர் சொல்லும் சொல் எவ்வளவு தெளிவோ அவ்வளவுக்கு மட்டும் அதிலிருந்து வெளியே வருகிறார் தேர்ந்த மாடல்.

“கொஞ்சம் திரும்புங்க மேடம்” என்கிறார் ஒரு மாணவர். மாடல் முழு உடம்பையும் திருப்பிவிடுகிறார். மாணவர் திகைக்கிறார்; அவர் கேட்டது முகத்தை மட்டும். “இல்லைங்க, முகம் மட்டும், ஜன்னல் பக்கமா” என்று சொன்ன பிறகுதான் தோள் பழைய இடத்துக்கு வந்து, முகம் மட்டும் ஜன்னலைப் பார்க்கிறது. என்ன வேண்டும் என்று மாடலுக்கு முதலிலேயே தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்யாமல் இருந்தாரே, அந்தப் பொறுமையைத்தான் நான் வியந்து பார்க்கிறேன். மாணவர் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிற மாடலிடம் படங்கள் அழகாக வரும். மாணவர் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்.

கண்ணைத் தாழ்த்துவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் கல்யாண ஆல்பங்களில் இந்தப் படம் இல்லாமல் இருக்காது. “கீழ பாரும்மா” என்றதும் பழகாதவர் தலையையே கவிழ்த்துவிடுவார். நெற்றி பெரிதாகும், கண் மூடினாற்போல ஆகிவிடும், தூங்குகிற பெண்ணின் படமாகப் போய்விடும். தெரிந்தவர் முதலில் தாடையை நூலளவு முன்னால் கொண்டுவருகிறார். பிறகு தலையை அசைக்காமல், மேடையின் இரண்டாவது படியிலோ விரித்த கம்பளத்தின் ஓரத்திலோ ஒரு புள்ளியைப் பிடித்துப் பார்வையை அங்கே வைக்கிறார். இமையின் வளைவு முழுதாகத் தெரிகிறது, மையிட்ட கோடு தெரிகிறது, அதன் அடியில் ஒரு கீற்றாகக் கருவிழி உயிரோடு இருக்கிறது. நெற்றிச்சுட்டி இன்னொரு சிக்கல். பதக்கம் தொங்கிக்கொண்டிருப்பதால் தலை ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் வகிட்டை விட்டு நழுவிப் புருவத்தில் போய் உட்காரும். அந்த எல்லையைக் கண்ணாடி இல்லாமலே நெற்றியின் தொடு உணர்வால் அறிந்து, சரியாக அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறார்.

இந்தச் சாய்ந்த தலைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுக் கல்யாணசுந்தரர் செப்புத்திருமேனி இருக்கிறது. கையைச் சிவன் பற்றியிருக்க, பார்வதி நிற்கும் நிலையைப் பாருங்கள். முகத்தில் குழைவு உண்டு, முதுகில் தளர்ச்சி கிடையாது. மதுரைக் கம்பத்தடி மண்டபத்துத் தூணில், திருமால் நீர்வார்க்க நிற்கும் மீனாட்சியிடமும் அதே நாணம். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், தலை மறுபடி முதல் பக்கம் என்று உடம்பு மூன்று இடத்தில் வளைவதைச் சிற்பிகள் திரிபங்கம் என்பார்கள். பட்டறையில் “வெயிட்டைப் பின்னங்கால்ல போடுங்க” என்று பயிற்சியாளர் சொல்வதும் அதை வரவழைக்கத்தான். பரதம் கற்ற பெண்களுக்கு இது சுலபமாக வரும். அவர்களுக்கு வேறொரு தடை உண்டு: கடைசி வரிசை ரசிகர் வரை எட்டவேண்டிய அபிநயம் அவர்கள் பழகியது. 85 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பெரிய சபைக்குப் பாடிப் பழகிய குரலை மைக்குக்கு முன்னால் தணித்துக்கொள்வது போன்ற கட்டுப்பாடு அது.

வெளிச்சத்தைக் கற்பிக்கும் வகுப்பில் மாடலுக்கு வேறு பொறுப்பு வந்து சேர்கிறது. அங்கே அவர் அசையவே கூடாது. சாஃப்ட்பாக்ஸ் விளக்கை முகத்துக்கு நேராக வைத்துத் தொடங்கி, ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்கிறார். மூக்கின் நிழல் முதலில் மேலுதட்டுக்கு மேல் சின்னதாக விழுகிறது, பிறகு சரிந்து நீள்கிறது, விளக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரிக்கு வரும்போது கன்னத்து நிழலோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. மிச்சமாக, மறுபக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண ஒளி. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் இதைச் சொல்வார்கள். இன்னும் நகர்த்தினால் பாதி முகம் இருட்டாகிவிடும். நிழல்கள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக மாறுவது மாணவர் கண்ணில் பதிய வேண்டுமானால், முகம் அணுவளவும் மாறக்கூடாது. மாடல் எதிர்ச்சுவரில் ஓர் ஆணியில் பார்வையை நிறுத்திக்கொள்கிறார். மூச்சை விட்டு முடித்த நிலையில் தோள் இறங்கியிருக்கிறது. ஃபிளாஷ் அடித்த பிறகுதான் இமைக்கிறார், ஒவ்வொரு முறையும். தவறான இடத்தில் விளக்கை வைத்துவிட்டு ஒரு மாணவர் முக்கோணத்தைத் தேடும்போது, முகத்தைச் சற்றே திருப்பிக் கொடுத்தால் அவர் சிரமம் தீர்ந்துவிடும். திருப்புவதில்லை. விளக்கை நகர்த்த வேண்டியவர் மாணவர்தான்.

சிரிப்பில் மட்டும் ஒரே நிலையில் நிற்க முடியாது. பிடித்துவைத்த சிரிப்பு சில நொடிகளில் உலர்ந்துவிடும், உதடு மட்டும் விரிந்திருக்கும். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷென் 1862இல் புகைப்படங்களோடு வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கிவிட்டார். உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், அதை விருப்பப்படி இயக்குவது கடினம் என்றார். நல்ல மாடல் சிரிப்பைப் பிடித்துவைப்பதில்லை. முழுதாக விட்டுவிட்டு, முகத்தை வெறுமையாக்கிக்கொண்டு, அடுத்தவருக்குப் புதிதாகத் தொடங்குகிறார். ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கும் அத்தனை மாணவருக்கும் கண்ணிலிருந்து தொடங்கும் சிரிப்பைத் தருவது சாதாரண உழைப்பல்ல.

கைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜிமிக்கி மாட்டுகிற படத்தில் புறங்கை அப்படியே லென்ஸைப் பார்த்தால் முகத்தின் அளவுக்கு விரிந்து மறைக்கும். சுண்டுவிரல் ஓரத்தைக் காட்டினால் மெலிந்துவிடும். கையை உயர்த்தும்போது கண்ணாடி வளையல்கள் முழங்கை நோக்கிச் சரிந்து ஒரே குவியலாக நிற்கும். மாடல் மணிக்கட்டை ஒருமுறை லேசாக உதறுகிறார், வளையல்கள் பிரிந்து வரிசையாகின்றன. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, விரல்நுனியை ஜிமிக்கியின் மேல் பட்டும் படாமலும் கொண்டுபோகிறார். நெருங்கிப் பார்த்தால் அந்த விரல்கள் எதையும் பிடித்திருக்கவில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் பட்டறைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். முற்றத்து வெளிச்சம் மேலிருந்து இறங்கி, வளவுக்குள் வரும்போது தணிந்து, பட்டின் ஜரிகையை எரிக்காமல் காட்டும். தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் ஒரு தொல்லை: அந்தச் சிவப்பு எகிறித் தாடைக்கு அடியில் படியும். அனுபவப்பட்ட மாடல் யாரும் சொல்லாமலே அரை அடி நகர்ந்து பாய் விரித்த இடத்தில் நின்றுகொள்வதைப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் அவர் செய்த உதவி அது ஒன்றுதான். பயிற்சியாளர் அதையும் பிடித்துக்கொண்டு, “ஏன் நகர்ந்தாங்க, சொல்லுங்க” என்று வகுப்பையே கேட்டார்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. கோடாக் நிறுவனம் 1950கள் முதல் கலர் பிரிண்ட் போடும் ஆய்வகங்களுக்கு ஒரு பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை அனுப்பிவந்தது. அதில் நின்ற பெண்ணின் பெயரால் அது ஷர்லி அட்டை. பிறகு வேறு பெண்கள் நின்றபோதும் பெயர் மாறவில்லை. அவர்களும் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களே. அந்தத் தோல் சரியாக வந்துவிட்டால் நிறம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுப்பு முகங்கள் விவரம் இழந்து இருளாகவே அச்சாயின. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வர 1990கள் ஆயிற்று. நம் பட்டறைகளில் சிவந்த நிறப் பெண்ணையே தேடிப்பிடித்து, அவருக்கும் இன்னும் ஒரு படி வெளுத்த மேக்கப் போட்டு நிறுத்துவதைப் பார்க்கும்போது அந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது. பயிற்சி பெற்றவர் பிறகு ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறார். மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியைப் பார்த்துக் கேமரா எக்ஸ்போஷரைக் குறைக்கிறது, இருவர் முகமும் மங்கிப்போகிறது. ஒரு பட்டறையில் நல்ல கறுத்த பெண் ஒருவர் அரக்குப் பட்டுடுத்தி நின்றார். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அவர் திரும்பியதும் கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, தோள்பட்டை மூன்றிலும் ஒளி வழுக்கி ஓடியது. மூக்குத்திக்கல் தனியே மின்னியது. கருமேனிக்கு வடிவம் தருவது அந்த ஒளிக்கோடுகள்தான் என்பதை அங்கே இருந்த எல்லோரும் ஒரே பார்வையில் கற்றார்கள்.

ஜோடியாக நிற்கும் வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாப்பிள்ளையாக வருபவர் பெரும்பாலும் அன்று காலையில்தான் அறிமுகமாகியிருப்பார். எவ்வளவு நெருங்கலாம், எங்கே தொடலாம் என்பதை முன்கூட்டியே இருவரிடமும் கேட்டுவைக்கிற பயிற்சியாளர்தான் நல்ல பயிற்சியாளர். நான் பார்த்த இடங்களில் மாலை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வார்கள், தாலி கட்டுவதில்லை. அது சரியென்றே படுகிறது.

இவ்வளவு செய்தவரின் படம் பிறகு எங்கே போகிறது? பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் அதைத் தாங்கள் எடுத்த நிஜக் கல்யாணம்போலத் தங்கள் ஆல்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பார்க்கிற பெற்றோர் நம்பி முன்பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பெண் யாரென்று எங்கும் இருக்காது. பட்டறை நடத்துகிறவர்களுக்கும் கற்க வருகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: படத்தை எங்கே காட்டினாலும் அதன் கீழே ‘பயிற்சிப் பட்டறையில் எடுத்தது’ என்று எழுதுங்கள், மாடலின் சம்மதத்தோடு அவர் பெயரையும் மேக்கப் போட்டவர் பெயரையும் சேருங்கள். உடை மாற்ற ஒரு தனி அறை, வகுப்புகளுக்கு நடுவே உட்கார ஒரு நாற்காலி, பேசிய பணம் அன்றைக்கே கையில், நன்றாக வந்த படங்களின் பிரதி அவருக்கும். இவற்றைச் செய்யாத பட்டறைக்குப் பணம் கட்டிப் போகாதீர்கள்.