குதிரும் அஞ்சறைப்பெட்டியும்

முகையூரில் அத்தை வீட்டு டெஸ்க்டாப்புக்கு வயது பதின்மூன்று. சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்றாங்கடா, நீ என்ன சொல்ற?" என்றார் அத்தை. விழுப்புரம் போய் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் சாட்டா கேபிள் ஒன்றும் வாங்கி வந்தேன். பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எறியவில்லை. அதன் பக்கத்திலேயே புதியதைக் குடிவைத்தேன்.

வேலை அரைமணி நேரம்தான். சிபியு பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மதர்போர்டில் காலி சாட்டா போர்ட்டும், பவர் சப்ளையில் காலி முனையும் இருக்கின்றனவா என்பதைக் கடைக்குப் போகும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. எஸ்எஸ்டி 2.5 அங்குலம், பெட்டியின் தட்டு 3.5 அங்குலம். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால், பிராக்கெட் கிடைக்காவிட்டால் டபுள் டேப் போட்டு ஒட்டினாலும் போதும்.

இந்த மதர்போர்டு எச்61 சிப்செட். சாட்டா-2 வரைதான் தாங்கும். விநாடிக்கு 550 எம்பி ஓடக்கூடிய எஸ்எஸ்டி இதில் பாதி வேகத்தில்தான் ஓடும். 'அப்படியானால் வீண் செலவுதானே' என்று தோன்றும். இல்லை. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைத் தேடிப் படிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிவிநாடி ஆகும்; ஊசி நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டிக்கு அந்த அலைச்சலே கிடையாது. முன்பு 2 நிமிடம் 50 விநாடி எடுத்தது, இப்போது 34 விநாடியில் திறக்கிறது.

அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் இடத்தில்; நெல் குதிரில். விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்எஸ்டியில், கல்யாண வீடியோவும் போட்டோக்களும் ஹார்டு டிஸ்க்கில். அந்த வீடியோவை நகலெடுத்தால் இன்றும் பழைய வேகம்தான். குதிருக்குக் கால் முளைக்காது. எஸ்எஸ்டி முன்னறிவிப்பில்லாமல் போய்விடலாம், கிழட்டு டிஸ்க்கும் எந்நேரமும் படுக்கலாம். அதனால் முக்கியமான படங்களுக்கு இரண்டிலும் ஒரு பிரதி வைத்தேன்.

குறை ஒன்று உண்டு. இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வங்கி வேலைக்கு லினக்ஸ் போட்டுக்கொள்வதே உசிதம். பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்கள், அதில் டிஸ்க் வைக்க ஒரே இடம்தான் இருந்தால், எஸ்எஸ்டியை உள்ளே போட்டுப் பழையதை யுஎஸ்பி உறையில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் இணைந்திருந்தால், கணினியை எழுப்பும் பகுதி பழையதிலேயே தங்கிவிடக்கூடும். அது செத்தால் புதியதும் எழாது. முதல் தடவை நான் கழற்ற மறந்தேன். சோதிக்கப் பழையதைப் பிடுங்கியபோது கறுப்புத் திரைதான் வந்தது. மறுபடி நிறுவி, மறுபடி பிடுங்கிப் பார்த்தேன். 34 விநாடி. பிறகுதான் பெட்டியின் மூடியைப் பூட்டினேன்.